இரண்டு கேள்விக்குறிகள்

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. எந்த வில்லங்கம் வந்தாலும் அக்கா தலையில்தான் விடியும். கணவர் இறந்துபோன பிறகும் அப்படித்தான். விடுப்பு முடிந்து வந்தவளுக்கு அழுகை வரவில்லை, வேலைதான் வந்தது. மனசு மரத்துப்போயிருந்தது.

மாதா மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கைப்பேசிக்குக் கணவர் பெயர் போட்டு ஒரு செய்தி வரும்: 'நாளை பரிசோதனைக்கு வாருங்கள்.' மாமியார் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

"இன்னும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க பாரு."

அக்கா கைப்பேசியை மூடி வைப்பாள். செய்தியை அழிக்க மாட்டாள்.

ஒருநாள் மேலாளர் வந்து நின்றார். "அக்கா, செத்துப்போனவங்களுக்கெல்லாம் மெசேஜ் போகுதாம். ஒருத்தர் ஆஸ்பத்திரியில வந்து கத்திட்டுப் போயிருக்கார். இன்னைக்கே பாத்துடுங்க."

பார்க்க என்ன இருக்கிறது? எழுதியதே அவள்தான். இறந்தவருக்குச் செய்தியை நிறுத்தும் கட்டளையில் இரண்டு கேள்விக்குறிகள், எண்களை நிரப்புவதற்காக விட்ட காலியிடங்கள். முதலாவதில் 'நிறுத்து' என்பதற்கான பூஜ்யம் போக வேண்டும், அடுத்ததில் நோயாளி எண். அவள் இடம் மாற்றிக் கொடுத்திருந்தாள். இரண்டும் எண்கள்தானே, தரவுத்தளம் ஏன் என்று கேட்குமா? சரியான கல்லுளிமங்கன். பூஜ்யம் என்ற எண்ணில் ஒரு நோயாளியைத் தேடி, அப்படி யாரும் இல்லை என்று சும்மா இருந்துவிட்டது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் செய்தி வந்த அன்றே அவளுக்குப் பொறி தட்டியிருந்தது. ஆனால் அந்த நிரல் கோப்பைத் திறக்கவில்லை. திறந்தால் திருத்த வேண்டுமே.

இப்போது திறந்தாள். இரண்டையும் இடம் மாற்றினாள். யாராவது ஒருவருடைய எண்ணைக் கொடுத்து முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இறந்தவர்களில் அவளுக்கு மனப்பாடமான எண் ஒன்றுதான். அதையே கொடுத்தாள்.

'ஒரு பதிவு மாற்றப்பட்டது' என்றது திரை.

"முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சுது."

ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு, மற்றவர்களின் எண்களையும் ஓட்டினாள்.

அடுத்த மாதம் மாமியார் கேட்டார். "என்னம்மா, இன்னும் மெசேஜ் வரலையா?"

"இனிமே வராது, அத்தை."

"ஏன், மறந்துட்டாங்களா?"

"இல்ல. நான்தான் நிறுத்தினேன்."

மாமியார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "பழசு இருக்குமே, அதை வாசி" என்றார்.

அக்கா கைப்பேசியை எடுத்து, கணவர் பெயரில் தொடங்கி, நாளை வாருங்கள் என்பது வரை வாசித்தாள்.