சுறா பாக்கெட்டில் நீல வட்டம்

மீன் கெட்டுவிட்டதா இல்லையா என்று சொல்ல ஒரு ஸ்டிக்கர் வந்திருக்கிறது. அதுவும் எனக்குச் சொல்ல! மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ராயபுரத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாக விற்றவள். இன்று திருவொற்றியூரில் சொந்தமாக ஒரு கொட்டகை, குளிர் அறை, மீன் வெட்டிப் பாக்கெட் போட ஒன்பது பெண்கள் என்று நிற்கிறேன் என்றால் அது இந்த மூக்கால்தான். காசிமேட்டு ஏலத்தில் கண்ணை மூடிக்கொண்டே, இது இன்று விடியலில் வலையில் விழுந்தது, இது முந்தாநாள் சரக்கு என்று பிரித்துச் சொல்வேன். என் தலை தெரிந்தால் பழைய மீனைக் கூடைக்கு அடியில் தள்ளுகிற ஏலக்காரர்கள் உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைதான்.

அண்ணா நகரில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் எங்களிடம் நேராக மீன் வாங்கச் சம்மதித்தது. நடுவில் தரகர் இல்லை, பாக்கெட்டில் எங்கள் பெயர். அதற்காக இரண்டு வருடம் நடையாய் நடந்தேன். அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை இந்த ஸ்டிக்கர். பொட்டு மாதிரி ஒரு மஞ்சள் வட்டம், பாக்கெட்டுக்கு உள்பக்கம் ஒட்ட வேண்டும். மீன் கெடும்போது கிளம்பும் வாடை பட்டால் மஞ்சள் பச்சையாகும், முற்றினால் நீலமாகும்.

கொட்டகைக் கணினி வேலையெல்லாம் பார்ப்பவள் என் மகள். அவள்தான் விளக்கினாள்.

"அதுவே மோந்து பாத்துக்கும்மா."

"அதுக்கு மூக்கு கீதா?"

"மூக்கு இல்லாமயே மோந்துக்கும்."

"அப்ப எண்ணூர் பஸ்ல ஒண்ணு ஒட்டி வுடு. அந்த ஃபேக்டரி நாத்தத்துல ரெண்டு ஸ்டாப்பு தாண்டறதுக்குள்ள நீலமாயிடும்."

வெட்டிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒட்டினார்கள்.

வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எல்லாம் ஒரு மாதம் மஞ்சளாகவே போய்ச் சேர்ந்தன. சேராமல் என்ன, வாங்கியது யார்? பிறகு அவர்களே பால் சுறா கேட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு செய்து கொடுப்பது அண்ணா நகரிலும் உண்டு போல. பன்னிரண்டு பாக்கெட் அனுப்பினேன். எல்லா மீனுக்கும் ஒட்டுகிற மாதிரி இதற்கும் வட்டத்தை ஒட்டினோம். ஒட்டாதே என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் அந்தக் கடை மேனேஜர் போன் செய்தார். "அம்மா, சுறா பன்னெண்டு பாக்கெட்டும் நீலமாயிருக்கு. கஸ்டமர் ஒருத்தர் போட்டோ வேற எடுத்துட்டார். உங்க சப்ளையையே நிறுத்தச் சொல்லி மேலேர்ந்து பிரஷர்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சுறா செத்த கொஞ்ச நேரத்திலேயே மூத்திர வாடை அடிக்கும், கண்ணைக் கரிக்கும். அது கெட்டதால் வருவதில்லை, அதன் உடம்பு வாகு அப்படி. மஞ்சள் போட்டு வெந்நீரில் அவித்துத் தோலை உரித்தால் போய்விடும். எங்கள் குப்பத்தில் பல் முளைக்காத குழந்தைக்குக்கூட இது தெரியும். வட்டத்தைக் கண்டுபிடித்த படிப்பாளிக்குத் தெரியவில்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். கடையின் பின்பக்க அறையில் பன்னிரண்டையும் மேசைமேல் அடுக்கி வைத்திருந்தார்கள். மேனேஜர் மாஸ்க் போட்டிருந்தார்.

"வட்டத்த வுடு சார், மீன பாரு. சுறான்னா இப்டித்தான் அடிக்கும்."

"அப்ப சுறாவுல நல்லது எது, கெட்டது எதுன்னு யார்மா சொல்றது?"

"நான் சொல்றேன். பிரி."

ஒவ்வொன்றாகப் பிரித்தேன். விரலால் அழுத்தினேன், சதை எழும்பி வந்தது. முகர்ந்தேன், மூக்கில் சுரீரென்று ஏறியது. சுத்தமான சுறா. நாலாவது பாக்கெட்டில் மேனேஜர் மாஸ்க்கைக் கழற்றினார். ஆறாவதில் அவரே அழுத்திப் பார்த்து, "ஆமாம்மா, கெட்டியாத்தான் இருக்கு" என்றார். சப்ளை பிழைத்தது என்று மகள் எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

ஒன்பதாவது பாக்கெட்டைப் பிரித்தேன். அந்தச் சுரீர் மட்டும் இல்லை. கூடவே புளிப்பும் தித்திப்புமாக ஒரு வாடை. விரல் பட்ட இடம் குழிந்தே நின்றது. வாங்கும்போது நான் முகராத மீன் அது ஒன்றுதான். சின்னச் சுறா, ஒரு பாக்கெட்டுக்குத்தான் வந்தது. அன்று காலை கடைசியாக வாங்கியது, போனைத் தோளில் இடுக்கியபடி.

மேனேஜர் குனிந்து முகர்ந்தார். "இதுவும் அதே மாதிரிதானேம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு வித்தியாசம் தெரியாது, ஸ்டிக்கருக்கும் தெரியாது. ஆனால் அதை எவளோ ஒரு பிள்ளை பெற்றவள் தின்பாள்.

"இது போயிடுச்சு சார். தூக்கிப் போடு."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப ஸ்டிக்கர் கரெக்டாத்தான் சொல்லியிருக்கு!"

மீதி மூன்றையும் பிரித்து அழுத்திக் காட்டினேன், மூன்றும் நல்ல சுறா. "நல்லா கீற பதினொண்ணையும் கெட்டதுன்னு சொல்லிச்சே, அதுக்கு இன்னா பேரு?"

"முன்னெச்சரிக்கைன்னு வெச்சுக்கலாமே" என்றபடி மேலிடத்துக்குப் போன் பேசப் போனார்.

நானும் மகளும் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தோம்.

"நீ அத மோந்து பாக்கலியா?"

"போன்ல இருந்தேன்."

"யார்கிட்ட பேசிக்கினு இருந்த?"

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அண்ணா நகர் கடைக்குச் சரக்கு அனுப்புகிறேன் என்று என் தங்கையிடம் அளந்துகொண்டிருந்தேன்.

மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். மற்ற மீன் சப்ளை தொடரும், சுறா மட்டும் வேண்டாம், இதில் கையெழுத்துப் போட வேண்டும். மகள் படித்துக் காட்டினாள்: 'ஸ்டிக்கர் காட்டியது சரி / தவறு.' சரி என்ற கட்டத்தில் அவரே டிக் போட்டிருந்தார்.

"ஒண்ணுக்குச் சரி, பதினொண்ணுக்குத் தப்புன்னு எழுது சார்."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா. தவறுன்னு போட்டா திரும்ப விசாரணை வரும். அது முடியற வரைக்கும் சப்ளை நிக்கும்."

என் மூக்கு தோற்றுவிட்டது என்று எழுதிய தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் மறுநாள் கொட்டகையில் ஒன்பது பெண்களுக்கு வேலை இல்லை.

அதற்குள் ஊழியர் ஒருவர் வந்து பன்னிரண்டு பாக்கெட்டையும் ஒன்றாக அள்ளினார்.

"அந்த ஒண்ணத்தான் தம்பி போடணும். மத்தத நான் வூட்டுக்கு எட்த்துக்கினு போறேன், குடு."

"நீலமான சரக்கு வெளிய போகக்கூடாதும்மா. ரூல்ஸ்" என்றார். சொல்லிக்கொண்டே நல்ல சுறா பதினொன்றையும் என் கண் முன்னால் குப்பைத் தொட்டியில் கொட்டி, மேலே பினாயிலை ஊற்றினார்.