அவன்கிட்ட சொல்லு

கால் மாவுக்கட்டில் இருந்த நாட்களில் நான் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமல்ல. விமானத்திலிருந்து குதிப்பேன், மதில் தாண்டுவேன், துப்பாக்கியோடு மலையேறுவேன். எல்லாம் போனில். நிஜத்தில் பாத்ரூம் போக அம்மாவின் தோள் வேண்டும். ஆம்பூர் பைபாஸில் பைக் சறுக்கி விழுந்ததற்குக் கிடைத்த தண்டனை. ஒரு இடத்தில் அடங்கிக் கிடக்கிற ஜென்மம் இல்லை நான். ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால்கூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தக் காலைத்தான் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

கட்டுக்குள் அரித்தது. அதைவிட மனசுக்குள் அரித்தது. எங்கள் லைனில் ஒரு மிஷின் சும்மா நின்றால் சூப்பர்வைசருக்குச் சோறு இறங்காது. என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டால், கட்டுப் பிரித்த பிறகு நான் எங்கே போவேன்? இதையே கேட்டுக் கேட்டு என் தோஸ்த்துகள் இரண்டு பேரையும் பேஜார் பண்ணினேன். "உன் மிஷின் எங்கயும் போவாது, கம்முனு கெட" என்பார்கள். அந்தப் பதில் அரை மணி நேரம் தாங்கும். மறுபடியும் ஆரம்பித்துவிடுவேன்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தன் எனக்குப் பக்கத்து மிஷின் தையல்காரன். இன்னொருத்தன் லைன் கடைசியில் நின்று, நாங்கள் தைத்ததைப் பார்த்துத் தள்ளுகிற செக்கிங்காரன். மூன்று பேரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் அவரவர் வீட்டிலிருந்தபடியே ஒரே ஆட்டத்தில் இறங்குவோம். கூட்டாக ஆடுகிற துப்பாக்கி ஆட்டம். சுடப்பட்டவன் உடனே செத்துவிட மாட்டான், தரையில் ஊர்ந்துகொண்டிருப்பான். கூட்டாளி ஓடிவந்து பக்கத்தில் மண்டி போட்டு எழுப்பினால் பிழைத்துக்கொள்வான். நேரம் ஆக ஆக, ஆடுகிற இடம் வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வரும். மைக்கில் திட்டு, சிரிப்பு, "மச்சான் காப்பாத்துடா" என்கிற அலறல். அந்தச் சத்தத்துக்காகவே வாரம் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அதிலும் மண் விழுந்தது. தையல்காரன் தைத்த ஒரு குவியலைச் செக்கிங்காரன் லைன் மொத்தமும் பார்க்க ரிஜெக்ட் பண்ணித் திருப்பிவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. என்னைப் பார்க்க வருவதையும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள், மற்றவன் இருப்பானோ என்று. விவரம் கேட்டால், "வுடு, உனக்கெதுக்கு அது" என்று இருவரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் ஆட்டத்துக்கு மட்டும் எனக்காக வந்தார்கள். வந்து என் உயிரை வாங்கினார்கள்.

ஒருத்தன் பேசுவது மற்றவனுக்கு மைக்கில் நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான்தான் நடுவில்.

"அவன்கிட்ட சொல்லு, மரத்துக்குப் பின்னாடி ஆளு இருக்கான்னு" என்பான் செக்கிங்காரன்.

"டேய், மரத்துக்குப் பின்னாடி ஆளாம்டா."

"பாத்துட்டேன்னு சொல்லு" என்பான் தையல்காரன்.

"பாத்துட்டானாம்டா!"

இதற்குள் மரத்துக்குப் பின்னால் இருந்தவன் நிதானமாக எங்கள் மூன்று பேரையும் சுட்டு முடித்திருப்பான். வெளியூர்க்காரன் யாராவது கேட்டால் காறித் துப்புவான்.

அடுத்தடுத்த ஞாயிறுகளும் இதே கூத்து. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் இன்னா உங்களுக்குப் போஸ்ட்மேனா? எப்படியாவது போங்கடா!" என்று கத்தி, மைக்கை அணைத்து, போனைக் கட்டிலில் வீசினேன். இயர்போன் மட்டும் காதிலேயே இருந்தது. என் ஆள் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் மரம் மாதிரி நின்றான். நின்றவனை எவனோ சுட்டான். அவன் தரையில் விழுந்து கிடந்தான்.

காதில் தையல்காரன் குரல்.

"பின்னாடி!"

"எங்க?" என்றான் செக்கிங்காரன்.

"படிக்கட்டு, படிக்கட்டுடா! இவன் வேற அடிபட்டுக் கெடக்கான். நீ எழுப்பு, நான் வாசலைப் பாத்துக்கறேன்."

வெடிச்சத்தம் ஓய்ந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். என்னை எழுப்பிவிட்டு, இரண்டு பேரும் என் இரு பக்கமும் காவல் நின்றார்கள்.

"அசையவே மாட்றான். நெட்டு போச்சு போல" என்றான் செக்கிங்காரன். கொஞ்சம் பொறுத்து, "இன்னும் அவன் மிஷின்லதான் உக்கார்றியா?" என்றான்.

"பின்ன? கணக்கு கொறஞ்சா வேற ஆள் போட்ருவேன்னு சூப்பர்வைசர் நிக்கறாரு. என் வேலையையும் முடிச்சுட்டு, மத்தியானம் சோறு துன்னாம அவனுதையும் தெக்கிறேன். நீ அதையே எல்லார் முன்னாடியும் தூக்கிப் போட்ற."

"தையல் கோணிக்கினு போனா இன்னா பண்ணச் சொல்ற? அது அவன் பேர்ல போற மாலுடா. நாளைக்குத் திரும்பி வந்துச்சுன்னா, நீ காப்பாத்தி வெச்சிருக்க சீட்டும் போய்டும் அவனுக்கு."

செக்கிங்காரனே தொடர்ந்தான். "நாளையிலேர்ந்து மெதுவாத் தெய். மத்தியானம் நானும் வர்றேன், நூல் வெட்டி அடுக்கித் தர்றேன்."

"சரி. அவன்கிட்ட சொல்லாத."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

இந்தத் தறுதலைகள் சண்டை போட்டுக்கொண்டதே எனக்காகத்தானா? வாய்விட்டு அழ வந்தது, அடுப்படியில் அம்மா இருந்தாள். தலையணையில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மைக்கைப் போட்டேன்.

"கரண்ட் போச்சுடா. இப்பத்தான் வந்துச்சு."

"ஒரே தெருவுல உனக்கு மட்டும் எப்படிடா கரண்ட் போவும்?" என்றான் தையல்காரன், மெதுவாக.

வட்டம் சுருங்கிக்கொண்டிருந்தது.

செக்கிங்காரன் கனைத்தான். "அவன்கிட்ட சொல்லு, மூக்கைச் சிந்திட்டு ஓடியாரச் சொல்லு" என்றான் தையல்காரனிடம்.

"டேய், மூக்கைச் சிந்திட்டு ஓடியாரணுமாம்டா."