மூடாத காருக்கு பாஸ் போட்ட தனராஜ் சார்

தனராஜ் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் குரோம்பேட்டையில் ஒரு பாத்திரக் கடை வாசலில் பிளாஸ்டிக் வாளி ஒன்றை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாளி வாங்குகிற மனிதன் அப்படிப் பார்ப்பதில்லை. அவரோடு இருபத்தேழு வருஷம் வேலை பார்த்த மனிதன் பார்ப்பான். போன் அடித்தது. அவருடைய மனைவி கிரேஸ் அக்கா.

"தம்பி, சார் தூக்கத்துலயே போயிட்டாருப்பா. டாக்டர் வந்து பார்த்துட்டார்."

துக்க வீட்டில் சொல்லக்கூடாததை முதலில் சொல்லும் நாக்கு எனக்கு. "நல்லாப் பார்த்தாராக்கா?" என்று கேட்டுவிட்டேன். எதையும் ஒரே தடவையில் ஒத்துக்கொள்ளாத ஒரு மனிதர் இதை மட்டும் எப்படி ஒத்துக்கொண்டார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"நானும் அதைத்தான் கேட்டேன் தம்பி" என்றார்.

சேலையூர் சபையின் பாட்டுக் குழுவில் அவர் பக்கத்தில் நின்று பாடியவர்களுக்கும், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டி, எண்ணெய்த் தொட்டி செய்யும் கம்பெனியில் இருந்தோம். நான் பர்ச்சேஸ், அவர் குவாலிட்டி. அதாவது, நான் வாங்குவேன், அவர் திருப்பி அனுப்புவார். அவர் பெயரைக் கேட்டாலே செங்கல்பட்டு வரைக்கும் உள்ள இரும்புத் தகடுகள் பயத்தில் தாமாகவே துருப்பிடித்த காலம் அது. ஒரு முறை நான் வாங்கி வந்த தகட்டுக் கட்டைத் தடவிப் பார்த்து, "கண்ணுக்கு நல்லா இருக்குங்கறது ரிப்போர்ட் ஆகாது" என்றார். கட்டு அன்று மாலையே வந்த வழியே போனது. ஓய்வு பெற்ற பின்னும் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "யோவ் பர்ச்சேஸ்!" என்றுதான் தெருமுனையிலிருந்து கூப்பிடுவார். என் பேத்தி கொஞ்ச நாள் என் பெயரே அதுதான் என்று நினைத்திருந்தாள்.

அப்படித்தான் ஒரு நாள் கூப்பிட்டார். "யோவ் பர்ச்சேஸ், ஒரு கார் வாங்கணும். செகண்ட் ஹேண்ட். கூரை திறக்கற கார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அறுபத்தெட்டு வயதில், பேன்ட்டை மார்பு வரை ஏற்றிப் பெல்ட் போடும் ஒரு மனிதருக்கு கன்வெர்டிபிள் கார். காரணம் கேட்ட பிறகு சிரிப்பு நின்றது.

கூரை போட்ட எந்த வண்டியில் ஏறினாலும் கிரேஸ் அக்காவுக்கு வயிறு புரளும். காரோ பஸ்ஸோ, மூன்றே நிமிஷம். கல்யாணத்தன்று பூ ஜோடித்த காரில் கோயிலிலிருந்து கிளம்பியவர், பாதி வழியில் இறங்கி, மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். அன்று ஆரம்பித்த ஸ்கூட்டர் சவாரி நாற்பது வருஷம் ஓடியது. சனிக்கிழமை விடிந்தால் இருவரும் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், கரையில் கன்னியம்மாவிடம் மீன் வாங்கி வருவார்கள். அக்காவுக்கு வாரம் என்பதே அந்த ஒரு காலைதான். மற்ற ஆறு நாளும் அதற்கான தயாரிப்பு. பிறகு அக்கா குளியலறையில் வழுக்கி விழ, இடுப்பில் தகடு வைத்தார்கள். ஸ்கூட்டர் கூடாது, ஆட்டோ கூடாது, குலுக்கலே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருஷமாக அக்கா கேட் வரைக்கும் வருவார், திரும்பி உள்ளே போவார். பேச்சும் குறைந்துகொண்டே வந்தது.

"அவ ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கா. என்னால பார்க்க முடியல" என்றார் சார். இருபத்தேழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'முடியல' என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றுதான்.

ஆகவே படையெடுப்பு தொடங்கியது. பர்ச்சேஸும் குவாலிட்டியும் முதல் முறையாக ஒரே அணியில்.

ஜி.எஸ்.டி ரோட்டில் பழைய கார் விற்கும் பாஷா பாயிடம் போனோம். இரண்டு பேர் உட்காரும் தாழ்வான கார் ஒன்றை முதலில் காட்டினார். சார் டேப்பை எடுத்து சீட்டின் உயரத்தை அளந்தார். "இதுல உட்கார்றதும் பாய் விரிச்சு உட்கார்றதும் ஒண்ணு. இடுப்பு தாங்காது" என்று தள்ளினார். அடுத்து நாலு பேர் உட்காரும் சின்னக் கார், இரண்டாயிரத்துப் பதினோராம் வருஷ மாடல், தக்காளிச் சிவப்பு. கூரை மடிந்து பின்னால் கிடந்தது.

"டாக்டர் வண்டி சார். சிங்கிள் ஓனர். ஞாயித்துக்கெழம மட்டும் எடுத்துகினு போவாரு" என்றார் பாய்.

"கூரையை மூடுங்க."

பாய் பொத்தானை அமுக்கினார். கூரை ஒரு ஜாண் எழும்பியது, கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெரியப்பா மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது, திரும்பப் படுத்துக்கொண்டது. மறுபடி அமுக்கினார். மறுபடி பெருமூச்சு.

"மூடாத கார். ரிஜெக்ட்" என்றார் சார்.

"மோட்டார் வீக்கா கீது சார், ரெண்டே நாள்ல ரெடி பண்ணிரலாம்!"

"ரிப்பேர் பண்ணினதை ரிப்பேரே ஆகாததுன்னு விக்கறது உங்க தொழில் பாய். கண்டுபிடிக்கறது என் தொழில்."

அதே காரில் பதின்மூன்றாம் வருஷ மாடல் ஒன்று அடுத்த வாரம் வந்தது. பாய் சொன்ன வருஷத்தை சார் நம்பவில்லை. சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துணிச் சீட்டைப் புரட்டிப் படித்தார், கண்ணாடி மூலையில் இருந்த குறியை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பெல்ட்டு பன்னிரண்டு. கண்ணாடி பதினாலு. வண்டி செஞ்சது பன்னிரண்டு, ஆர்.சி புக்குல ஏறினது பதின்மூணு, கண்ணாடி நடுவுல ஒடஞ்சிருக்கு" என்று ஜாதகம் சொன்னார். பாய் என்னைத் தனியாக அழைத்து, "சார் போலீஸ்ல இருந்தாரா?" என்று கேட்டார்.

அதன் பிறகுதான் ஒழுகல் சோதனை. எங்கள் கம்பெனியில் தொட்டியின் வெல்டிங் மேல் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்கள். ஒழுகினால் வெள்ளையில் கறை எழும். காருக்கு மண்ணெண்ணெய் ஆகாது என்று சார் பெருந்தன்மையோடு தண்ணீருக்கு இறங்கி வந்தார். கூரையை மூடி, உள்பக்கம் இணைப்பு முழுதும் சாக்பீஸ் பொடி தூவி, சீட்டில் நியூஸ் பேப்பர் விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே குடம் குடமாக ஊற்ற வேண்டும். சித்திரை மாத வெயில். செம்பரம்பாக்கம் ஏரியில் பாதியை அன்று நான் அந்தக் கூரை மேல் கவிழ்த்திருப்பேன். கால் மணி நேரம் கழித்து, மாவு மில்லிலிருந்து வந்தவர் போல வெளியே வந்து ஈரப் பேப்பரை உயர்த்திக் காட்டினார்.

"டிரைவர் மடியில ஒழுகுது. ரிஜெக்ட்."

"சார், மழை பேஞ்சா மட்டும்தானே சார்!" என்று பாய் கிட்டத்தட்ட அழுதார்.

"பாஸ் பண்ண ஒரு நிமிஷம் போதும் பாய். பொறுப்பு ஆயுசுக்கும்."

மூன்றாவது, பதினாலாம் வருஷ மாடல். அது பாயிடம் இல்லை. பொத்தேரியில் மாணவர் விடுதி நடத்தும் ஒருவரிடம் இருந்தது. விடுதியின் பம்ப் குழாயையே வைத்து அடித்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கூரை திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பெல்ட்டும் கண்ணாடியும் ஒரே வருஷம் சொன்னன. "சார், பாஸ்தானே?" என்றேன். "ரிப்போர்ட் எழுதணும்யா" என்றார். மூன்று மாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நாலு நாள் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு நாங்கள் பொத்தேரிக்குப் போனபோது, வண்டி மூன்று நாளுக்கு முன்பே கைமாறியிருந்தது.

அன்று சேலையூர் வீட்டுக்கு இரண்டு குற்றவாளிகளாகத் திரும்பினோம். சார் நடந்ததைச் சொல்லி, வேறு ஊரிலும் தேடலாம், அதற்கும் இந்தச் சோதனைகளைச் செய்துவிடலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா முழுவதும் கேட்டார். வெகுநாள் கழித்து நீளமாகப் பேசினார்.

"ஏங்க, மூடினா ஒழுகுதான்னு பார்க்கறீங்க. மூடின வண்டியில நான் ஏறவே மாட்டேனே. எனக்கு எதுக்குங்க கூரை?"

வீட்டில் மின்விசிறி கூட சுற்றுவதை நிறுத்தி யோசித்தது. கூரை இல்லாமல் போவதற்காகக் கார் தேடிக் கிளம்பிய இரண்டு மேதாவிகள், சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் கூரையை மட்டுமே பரிசோதித்திருக்கிறோம். என்னை விடுங்கள், நான் பர்ச்சேஸ். தனராஜ் சாரே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோவ் பர்ச்சேஸ், வண்டியை எடு" என்றார்.

பாஷா பாய் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே தண்ணீர்க் குழாயை மூடிப் பூட்டினார்.

"பாய், அந்த மூடாத வண்டி இருக்கா?"

"இன்னா சார், கலாய்க்கிறியா? நாளைக்கு மெக்கானிக் வரான், கூரைய ரெடி பண்ணிட்டு—"

"தொடாதீங்க!" என்று சார் போட்ட சத்தத்தில் ஜி.எஸ்.டி ரோட்டில் ஒரு பஸ் பிரேக் போட்டது. "அப்படியே வேணும்."

நாற்பது வருஷத் தொழிலில், பழுதைச் சரிசெய்யாமல் கொடு என்று கேட்ட முதல் வாடிக்கையாளர் அவர்தான் என்று பாய் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று எங்களுக்கு டீயும் வந்தது, சமோசாவும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அக்கா சீட்டில் ஒரு தலையணை போட்டு முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால், கையில் தார்ப்பாய், குடை, பிளாஸ்டிக் கவர், தண்ணீர், எலுமிச்சம்பழம் ஆகிய ஆயுதங்களோடு. சார் கோவளம் வரைக்கும் வண்டியை ஒரு ஆமை கோபித்துக்கொள்ளும் வேகத்தில் ஓட்டினார். வண்டலூர் தாண்டியதும் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்து, வருத்தப்பட்டார். கேளம்பாக்கம் தாண்டியும், வாந்திக்கென்று வைத்திருந்த கவரைத் திறக்க வேண்டி வரவில்லை. கரையில் கன்னியம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"யக்கா! வந்துட்டியா! இன்னாக்கா இது, மேல மூடியே காணோம்? வெயில்ல போய்ப் போய் கருவாடாய்டுவ!"

அக்கா சிரித்தார். ஒரு வருஷத்துச் சிரிப்பு மொத்தமாக வந்தது. சார் இடுப்பில் கை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தலை சுத்தல்?"

"இல்லீங்க."

"வயித்தைப் புரட்டுது?"

"இல்ல."

"இடுப்பு?"

"நல்லா இருக்குங்க, போதும் விடுங்க. மீனைப் பார்க்கணும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாஸ்" என்றார். நான் வாங்க உடனிருந்த ஒரு பொருளுக்கு அவர் வாயிலிருந்து முதல் முறையாக அந்தச் சொல் வந்தது. நான் கடலைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. மழையில் மூன்று முறை இருவரும் நனைந்து வந்தார்கள். அவர் போகும்வரை கூரை மூடவே இல்லை.

அடக்கத்தன்று அவரை ஏற்றிய கண்ணாடி வண்டி வாசலில் நின்றது. பின்னால் அக்காவுக்காக ஒரு பெரிய ஏசி கார். கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள். அக்கா அதன் அருகில் போய் நின்றார், உள்ளே பார்த்தார், இரண்டடி பின்னால் வந்தார். "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள். அக்கா கூட்டத்தில் என்னைத் தேடினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் சாவி எடுக்க உள்ளே போய்விட்டேன்.

ஆக, தக்காளிச் சிவப்புக் காரில், வெள்ளைப் புடவையில், திறந்த வானத்துக்குக் கீழே, கிரேஸ் அக்கா தன் கணவருக்குப் பின்னாலேயே போனார். நான் ஓட்டினேன். தாம்பரம் சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "இன்னா சார், எலெக்சனா?" என்று கேட்டார். அக்கா கையை நீட்டி முன்னால் இருந்த கண்ணாடி வண்டியைக் காட்டினார். அவர் முகம் மாறியது. "மன்னிச்சிக்கோமா" என்றார். சிக்னல் விழுந்ததும் அவரே முன்னால் போய், கையை வெளியே நீட்டி ஆட்டி, லாரிகளையும் பஸ்களையும் ஓரம் கட்டி, கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் எங்களுக்கு வழி செய்து கொடுத்துவிட்டுத் திரும்பினார். மந்திரிகளுக்குக் கூட அந்த மரியாதை அந்த ரோட்டில் கிடைத்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். "தம்பி, சனிக்கிழமை ஆறு மணிக்கே வந்துடுங்க. அவர் ஓட்டற வேகத்துக்கு நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள நல்ல மீனெல்லாம் போயிடும். அவர் மனசு கஷ்டப்படும்னு இத்தனை நாள் சொல்லல."

இரண்டு சனிக்கிழமைகள் ஓட்டிவிட்டேன். அவர் ஏன் அவ்வளவு மெதுவாகப் போனார் என்பது முதல் சனிக்கிழமையே தெரிந்துபோனது. அவர் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்து ஓட்டியவர் இல்லை. இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்த்து ஓட்டியவர். பள்ளம் வருவதற்கு முன்பே அந்த முகத்தில் தெரிந்துவிடுகிறது. தனராஜ் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பார்வைதான். நல்ல மீன் இன்னும் ஒரு முறை கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.