கட்டாத வேப்பங்கொத்து

அம்மை கண்ட வீட்டு நிலையில் வேப்பங்கொத்து செருகுவார்கள். அதைப் பார்த்தால் யாரும் உள்ளே போகமாட்டார்கள். பால்காரர்கூட வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போய்விடுவார். எனக்கு அந்தக் கொத்து வேறுவிதமாகப் பயன்பட்டது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் சிவகாசிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் சானிட்டரி இன்ஸ்பெக்டர். சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், வேப்பிலை தெரியும் வீடுகளைக் குறித்துக்கொள்வேன். பெரியம்மை என்று உறுதியானால் வண்டி வரும். நோயாளியைச் சுடுகாட்டுப் பாதையிலிருந்த தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோவோம். கதவைப் பிடித்துக்கொண்டு அழுத தாய்மார்களின் விரல்களை நானே பிரித்திருக்கிறேன்.

ஒரு பங்குனியில் என் ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் நெற்றியில் முத்துகள். தெருவுக்கே அம்மைத் தடுப்பூசி குத்தியவன் நான். அன்று அவளுக்குச் சளி, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டுப் குத்திக்கொண்டவர்கள் பட்டியலில் மட்டும் அவள் பெயரை எழுதியிருந்தேன். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதைவிட, அந்தக் கொட்டகைக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மனைவி கொத்தை ஒடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பிடுங்கிக்கொண்டேன்.

"என்ன செய்றீக? ஆத்தா வந்திருக்கா. தெரியாம யாராச்சும் உள்ள வந்துட்டா?"

"கதவச் சாத்தியே வையி."

"எம்புட்டு நாளைக்கு?"

"அந்த வண்டி நம்ம வாசல்ல வந்து நிக்கணுமா?"

அவள் கொத்தை என் கையிலிருந்து வாங்கி மகளின் படுக்கையில் வைத்தாள்.

அந்த நாட்களில் தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் ஆபீஸ் பியூன் மூக்கை உறிஞ்சினார். "என்ன சார், உங்க மேல வேப்பிலை வாடை அடிக்கி?"

"நாலு அம்மை வீடு ஏறி இறங்குறவன் மேல மல்லிப்பூவா மணக்கும்?" என்றேன். அவர் சிரித்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் மதியம் மனைவி கொல்லையில் இருந்தபோது எதிர்வீட்டுப் பெண் சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுபவள். பசை காய்ச்ச மாவு கேட்டு வந்திருந்தாள். இடுப்பிலிருந்த கைக்குழந்தையைக் கீழே விட்டிருக்கிறாள். அது தவழ்ந்து போய் என் மகளின் போர்வையைப் பிடித்து இழுத்திருக்கிறது. மனைவி ஓடிவந்து தூக்கினாள்.

"பிள்ளைக்கு மேலுக்கு முடியலையாக்கா?"

"லேசாக் காய்ச்சல்."

சாயந்தரம் மனைவி இதை என்னிடம் சொன்னாள். நான் தெருவுக்கு அம்மை குத்தியபோது அந்தக் குழந்தை பிறந்திருக்கவில்லை. அந்தச் சாயந்தரமே குத்தியிருந்தால் அநேகமாகப் பிழைத்திருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல; தெரிந்து வைத்திருப்பதுதான் என் உத்தியோகம். மருந்தும் ஊசியும் என் பையில் இருந்தன. பத்தடி தூரத்தில் அவள் வீடு. திடீரென்று ஏன் என்று கேட்பாளே என்று பயந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து எதிர்வீட்டு நிலையில் வேப்பங்கொத்து தெரிந்தது. நான் போகாமல் இருக்க முடியாது. போனேன்.

"எங்கன இருந்து தொத்துச்சுன்னே தெரியல சார். நான் எங்கிட்டும் போகல. உங்க வீட்டுக்குத்தான் ஒருக்கா மாவு வாங்க வந்தேன்."

"காத்துல வந்திருக்கும்மா."

அவள் தலையாட்டினாள். பிறகு, "அக்காவ இந்தப் பக்கம் விட்டுறாதீக சார். உங்க வீட்லயும் பிள்ளை இருக்கு" என்றாள்.

வண்டி வந்தபோது அவள் கதவைப் பிடிக்கவில்லை. குழந்தையோடு தானே ஏறி உட்கார்ந்தாள். ஆறாம் நாள் தனியாக நடந்து திரும்பினாள்.

என் மகள் பிழைத்தாள். அவள் முகத்தைத் தெரு பார்ப்பதற்குள், மனைவியோடு மல்லாங்கிணறு ஊரிலிருந்த மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அவள் நெற்றியில் இன்றும் மூன்று வடுக்கள் உண்டு. யாராவது கேட்டால், சின்ன வயதில் கீழே விழுந்தது என்பாள். அப்படித்தான் நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.