சிவப்புக் காரை விற்க வந்தவர்

அமெரிக்காவில், சுகர் லேண்டில் என் மகன் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அமெரிக்க வண்டி, இரண்டே இருக்கை. விற்க வந்தவர் ஆறடிக்கு மேல் உயரமான வெள்ளைக்காரர், காதோரம் நரை. பேசும்போதெல்லாம் கைக்குட்டையால் பானெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷத்தில் பதினான்கு முறை. இவர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"சும்மா இருங்கப்பா, டெஸ்ட் டிரைவ் பண்ணியாச்சு, சூப்பரா போகுது" என்று மகன் செக் புத்தகத்தைத் திறந்தான். தினமும் ஃப்ரீவேயில் போகிறவன். அங்கே வண்டி நடுவில் நின்றால் பின்னால் வருகிறவன் நிற்பானா?

இனி சொல்லிப் பயனில்லை. சக்கரங்களுக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். பையைத் துழாவிக்கொண்டே அவரிடம், "சார், ஒன் மினிட். லெமன்" என்றேன்.

கைக்குட்டை அப்படியே நின்றது.

"யார் சொன்னது உங்களுக்கு?" என்றார் மெல்ல. பிறகு அவராகவே சொன்னார்: கியர்பாக்ஸை மூன்று முறை மாற்றியிருக்கிறார், சூடேறினால் ஓடும்போதே எஞ்சின் அணைந்துவிடும்.

"இந்த ஊர்ல ஓட்டை வண்டியத்தாம்ப்பா லெமன்னு சொல்வாங்க" என்று வண்டி வாங்காமல் திரும்பும் வழியில் மகன் விளக்கினான்.

அந்த மனிதர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகன் அவரைத்தான் நம்பியிருப்பான். அகப்பட்டுக்கொண்டோம் என்று பயந்து சொன்னாரா, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்து சொன்னாரா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.