கீறல் வண்டி

அப்பாவின் கார் முன்கண்ணாடியில் கீறல் விழுந்தது ஓர் ஆயுதபூஜை அன்று. அதற்கு முன்பே அதில் ஒரு பொட்டு இருந்தது. வள்ளியூர்ப் பக்கம் சவாரி போய்த் திரும்பும்போது, முன்னால் போன ஆற்றுமணல் லாரியிலிருந்து ஒரு கூழாங்கல் தெறித்து வந்து பட்டது. புளியமுத்து அளவுக்கு வெள்ளையாக ஓர் அடையாளம், அவ்வளவுதான். பழைய மாதிரிக் கண்ணாடி என்றால் அப்போதே பொடிப்பொடியாக மடியில் கொட்டியிருக்கும். அப்பா போட்டிருந்தது புது மாதிரி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தாள் போல ஒன்றை வைத்து ஒட்டியது. உடைந்தாலும் உதிராது.

அம்மாவுக்கு அந்தப் பொட்டு கண்ணேறு. ஜங்ஷன் ஸ்டாண்டில் நிற்கிற மற்ற டிரைவர்களின் கண்தான் பட்டுவிட்டது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பூஜைக்காகக் காரைக் கழுவி, வாசலில் நல்ல வெயிலில் நிறுத்தியிருந்தோம். சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, எல்லாம் முடிந்தது. ஆரத்தித் தண்ணீரை எப்போதும் சக்கரத்துக்கு முன்னால் தரையில்தான் ஊற்றுவோம். அன்று அம்மா தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அந்தப் பொட்டை நோக்கி வீசினாள். மண்பானையிலிருந்து எடுத்துக் கரைத்த சில்லென்ற தண்ணீர். "சடக்" என்று ஒரு சத்தம். பொட்டிலிருந்து ஒரு கோடு கிளம்பி, வளைந்து, நெளிந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்து ஓரம் வரை போய் நின்றது. ஆரத்தியின் சிவப்பு அந்தக் கோட்டுக்குள் இறங்கியது. பிறகு எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை.

அம்மா தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"சாமி ஏத்துக்கிடல" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் பள்ளிக்கூடத்தை முடித்ததில்லை. அப்பா லைசென்ஸுக்காகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்று, பீடித் தட்டை மடியில் எடுத்தவள். அந்த வீட்டில் காரணம் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான் என்ற பெருமை எனக்கு உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

"சாமியும் இல்ல, கண்ணும் இல்லம்மா. கண்ணாடி வெயில்ல சூடா இருந்திச்சி. ஏற்கனவே அடிபட்ட எடம். பச்சத்தண்ணி பட்டதும் விட்டுப் போச்சி. வேற ஒண்ணுமில்ல."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான்தான் ஒடைச்சேன்னு சொல்லுத."

அப்பா இடையில் புகுந்தார். "விடு ளா. கல்லு ஒடைச்சிச்சி. நீ குளிப்பாட்டுன, அவ்ளோதான்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் ஆரத்தி எடுத்ததில்லை.

கண்ணாடியை உடனே மாற்றியிருக்கலாம். மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று பட்டறையில் சொன்னார்கள். ஆனால் அக்காவுக்கு அப்போதுதான் நாங்குநேரியில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. கையில் இருந்ததெல்லாம் நகைக்கும் பாத்திரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. கல்யாணம் முடியட்டும் என்று அப்பா தள்ளிப் போட்டார்.

ஸ்டாண்டில் முதலில் கேலிதான். "என்ன அண்ணாச்சி, உம்ம கண்ணாடில ஆறு ஓடுது! பாபநாசத்துல பொறந்து புன்னைக்காயல்ல கடலுக்குப் போவுதே" என்பாராம் பக்கத்து வண்டிக்காரர். "ஆமா வே. தண்ணிதான் வரல. தெறந்து விடச் சொல்லும்" என்று அப்பாவும் சொல்லுவாராம். வீட்டுக்கு வந்து எங்களிடம் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு சவாரிகள் குறைய ஆரம்பித்தன. காயல்பட்டினத்தில் வளைகுடாவுக்குப் போகிறவர்களைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டு விடுவது அப்பாவுக்கு நல்ல தொழில். எல்லை தாண்டினால் கேரளத்துப் போலீஸ் இந்தக் கண்ணாடியைப் பார்த்து நிறுத்துவார்கள், விமானம் போய்விடும் என்று அவர்கள் பயந்தார்கள். அது நியாயமான பயம். கல்யாண வீட்டுக்காரர்கள் காரணமே சொல்லவில்லை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைக்க யாருக்கு மனசு வரும்?

கடைசியில் அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கேட்காதவர்கள் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் வந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் ஆளைப் பறிகொடுத்தவர்கள். பிணத்தை ஏற்ற மற்ற டிரைவர்கள் தயங்குவார்கள். ஏற்றினால் அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டி ஓடாது என்ற பயம். அப்பாவுக்கு அந்தப் பயம் இல்லை, முகூர்த்தமே இல்லாதபோது. "கீறல் வண்டி எங்கன நிக்கி?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் ஸ்டாண்டுக்கு வரத் தொடங்கினார்கள். அப்படிப் போய் வந்த நாட்களில் அப்பா கொல்லைப்புறமாக வந்து, குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். காரை அம்மா தொடவே மாட்டாள்.

இதையெல்லாம் அப்பா பொறுத்துக்கொண்டார். அவருக்கு உறுத்தியது வேறு ஒன்று. அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார்: "உன்ன மாப்ள வீட்டுல கொண்டு விடுதது நாந்தான். வேற எவனும் ஸ்டீரிங்கத் தொடக்கூடாது." ஊரார் பெண்கள் எத்தனையோ பேரை அப்படிக் கொண்டு விட்டவர். அதற்கென்று அவரிடம் ஒரு முறை இருந்தது. ஆற்றுப்பாலத்தில் பைய உருட்டிக்கொண்டு போவார், பெண் கண்ணாடியை இறக்கி ஆற்றில் காசு போடுவதற்காக. பாலம் தாண்டியதும், உள்ளே தலைக்கு மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். "பிள்ள அழுவும். முன்னால இருந்து ஒருத்தன் பாக்கான்னு தெரிஞ்சா அதுக்கு அழக்கூட முடியாதுல்லா" என்பார்.

நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா காரைப் பார்த்தார். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"தப்பா நெனைக்காதீரும். பொண்ணு மாப்ள ஏறுத வண்டிய நாங்க கொண்டாருதோம். உம்ம வண்டிய மண்டபத்து வாசல்ல நிறுத்தாண்டாம். அது எங்கெல்லாம் போயிட்டு வருதுன்னு ஊருக்கே தெரியும்லா."

நான் பேசினேன். சூடு, குளிர், விரிவு, சுருக்கம் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"படிச்ச பிள்ள சரியாத்தான் சொல்லுது. ஆனா கண்ணாடி ஒடைஞ்சிதானே இருக்கு தாயி?"

உள்ளே அக்கா பீடித் தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "சரி அண்ணாச்சி, அப்படியே செஞ்சிருவோம்" என்று வெளியே அப்பாவின் குரல் கேட்டது.

தை மாதத்தில் கல்யாணம், டவுனில் ஒரு சின்ன மண்டபம். அப்பா காரை அடுத்த தெருமுனையில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். மற்ற வண்டிகளுக்கெல்லாம் மாலை கட்டினார்கள். நான் என் தலையிலிருந்து ஒரு கண்ணி பிச்சிப்பூவைக் கிள்ளிக்கொண்டு போய், அப்பாவின் காரில் அந்தச் சின்னக் கண்ணாடியில் கட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

தாலி கட்டி, ஆரத்தி எடுக்கும் நேரத்தில் அம்மா பின்னால் நகர்ந்து அத்தையை முன்னே தள்ளினாள். பந்தி முடிந்த பிறகு அப்பாவைக் காணோம். எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். போனேன். காரின் கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஓர் ஆள் நின்றிருந்தார். உவரிக் கடற்கரையூர்க்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, தோளில் ஒரு பச்சைத் துண்டு. அழுது ஓய்ந்த முகம்.

"எல்லா வண்டியும் பூக்கெட்டி நிக்கி ஐயா. கேக்கவே கூச்சமா இருக்கு. ஒங்க வண்டியத்தான் காட்டுனாவ. பொம்பளப்பிள்ள. காச்சல். காலம்பற போயிட்டு. அவ அம்மைக்காரி மடியில வச்சிக்கிட்டு குடுக்க மாட்டேங்கா. கடக்கரை போய்ச் சேரணும் ஐயா, பொழுது சாயுததுக்குள்ள."

அவருக்கு இது கல்யாண வீடு என்று தெரிந்திருந்தது. பெண்ணின் அப்பா இவர்தான் என்பது தெரியாது. அப்பாவும் சொல்லவில்லை.

நான் அப்பாவைத் தனியே இழுத்தேன். "அக்கா இந்தா கெளம்பப் போறாப்பா."

"தெரியும்."

"இப்பப் போனீங்கன்னா திரும்ப மண்டபத்துக்குள்ள வர முடியாது. அவள ஏத்தி விட முடியாது."

"அவளக் கூட்டிட்டுப் போவ ஆள் இருக்கு ளா" என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கா?"

நெற்றியில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் துண்டால் துடைத்தார். பிச்சிப்பூவை அப்போதுதான் பார்த்தார். முடிச்சை மெதுவாக அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "அவகிட்ட சவாரின்னு மட்டும் சொல்லு. என்ன சவாரின்னு சொல்லாத."

நான் அக்காவிடம் சவாரி என்று மட்டும்தான் சொன்னேன். அவள் என் கையில் இருந்த பூவைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

பெண்ணோடு துணைக்குத் தங்கை போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பின்இருக்கையில் அக்கா, மாப்பிள்ளை, நான். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் பெரியப்பா. ஆற்றுப்பாலத்தில் அக்கா முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்ப்பதற்குள் வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டது. காசு அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. பாளையங்கோட்டை தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறிப் போனோம். டிரைவர் அவ்வப்போது உள்கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். எதற்கும் இல்லை, புதுப்பெண் என்றால் எல்லோரும் பார்ப்பார்கள். அக்கா ஒவ்வொரு முறையும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

நாங்குநேரிக்கு முந்தின ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் வண்டிதான் முதலில் நின்றது. பின்னால் ஒரு பஸ்ஸும் சில மாட்டு வண்டிகளும் வந்து சேர்ந்தன. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான், அக்கா என் கையைப் பிடித்து அழுத்தியதும் திரும்பினேன். அவள் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசைக்கு வெகு தூரம் பின்னால், ரோட்டோரத்துப் புளியமரத்தடியில், ஒரு கார் நின்றது. உவரிக்குப் போவதும் அந்த ரோட்டில்தான். கேட் மூடியிருக்கிறதென்றால் பஸ்ஸுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டியதுதானே. அது வரவில்லை. பூக்கட்டிய வண்டியை அது தூரத்திலேயே கண்டிருக்க வேண்டும். பிணம் இருக்கிற வண்டி புதுப்பெண்ணின் வண்டிக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று அப்பாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாய்ந்த வெயில் நேராக அந்த முன்கண்ணாடியில் பட்டது. கீறலுக்கு மேலேயும் கீழேயும் ஒரே வெளிச்சம், நடுவில் பழுப்பேறிய ஒரு கோடு. அதற்குப் பின்னால் ஆள் இருப்பதுகூடத் தெரியவில்லை. அக்கா கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

நான் கதவின் கைப்பிடியைத் தொட்டேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, பொறத்தால என்ன பாக்குதிய?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணுமில்ல பெரியப்பா. பஸ்ஸு."

ரயில் போனது. கேட் திறந்தது. எங்கள் வண்டி கிளம்பியது, பஸ் கிளம்பியது. புளியமரத்தடியில் நின்ற கார் நகரவில்லை. நாங்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அது அங்கேயே நிற்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் கடற்கரைக்குப் போக வேண்டியவர்கள் அதில் இருந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா டிரைவரை அழைத்தாள். காரில் ஏறிய பிறகு அவள் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் மேல பாத்துத் திருப்பி வையுங்களேன்."

"பொறத்தால வண்டி வந்தாத் தெரியாதேம்மா."

"பொறத்தால இனி ஒண்ணும் வராதுண்ணே."

அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் கையை உயர்த்திக் கண்ணாடியைத் திருப்பினார். அதில் காரின் கூரை மட்டும் தெரிந்தது. அக்கா காசை மூடிய கையை முகத்தில் வைத்துக்கொண்டு, நாங்குநேரிக் கோபுரம் தெரிகிற வரைக்கும் அழுதாள்.