அரைக் கிலோ

கலைமகளைப் பளுதூக்கக் கூட்டிப்போனவள் தமிழ்மதிதான். இருவரும் அருள்புரத்தில் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார்கள். துணி மூட்டை இறக்க ஆள் வரத் தாமதமான ஒருநாள், பொறுமையில்லாமல் கலைமகளே ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். அதைப் பார்த்த தமிழ்மதி, "சாயங்காலம் என்ற கூட வா கண்ணு, இதவிட நல்ல வெயிட்டு அங்க இருக்குது" என்றாள். வயதில் மூத்தவள், அப்போதே மாநில அளவில் பதக்கம் வாங்கியிருந்தாள்.

நிட்டிங் மிஷின்களை எடுத்துவிட்ட ஒரு பழைய ஷெட்டில் சென்னிமலை மாஸ்டர் பயிற்சி கொடுத்தார். சில வருடங்களில் இரண்டு பெண்களும் ஒரே எடைப்பிரிவில், நாற்பத்தெட்டு கிலோவில், எதிரெதிரே வந்து நின்றார்கள். 2006இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு பெங்களூரில் நடப்பதாகச் செய்தி வந்தது. அந்தப் பிரிவில் ஒருத்திக்குத்தான் இடம்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது, கம்பெனியில் துணி ரோல் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் கலைமகள் விளையாட்டாக ஏறி நின்றாள். ஷெட்டில் இருந்த தராசைவிட அரைக் கிலோ கூடுதலாகக் காட்டியது. கம்பெனித் தராசு அரசு முத்திரை போட்டது, தப்பாது. மாஸ்டரின் தராசுதான் குறைத்துக் காட்டுகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றே சோற்றைக் குறைத்தாள். தமிழ்மதியிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்கள் போயின. ரயிலில் எதிரே உட்கார்ந்து, "எனக்கு எடையில இன்னும் கொஞ்சம் எடம் இருக்குது கண்ணு" என்று தமிழ்மதி தயிர்சோற்றைப் பிரித்தபோதும் கலைமகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டிக்கு முன் எடை பார்த்தபோது தமிழ்மதி நானூறு கிராம் அதிகம். ஒரு மணி நேரத்துக்குள் குறைக்காவிட்டால் போட்டியில் இடமில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினாள். எச்சிலைத் துப்பித் துப்பி வாய் வறண்டது. அப்படியும் கொஞ்சம் மிஞ்சி நின்றது.

"முடிய வெட்டீரு கலை" என்று கத்திரியை நீட்டினாள்.

இடுப்புவரை இருந்த முடி. கலைமகள்தான் வெட்டினாள். அவள் பாதியில் கத்திரியை நிறுத்தியதைப் பார்த்து, "முடிதான கண்ணு, வளந்துக்கும்" என்று தமிழ்மதியே தேற்றினாள்.

எடைக்குள் வந்துவிட்டாள். ஆனால் உடம்பில் சத்து மிச்சமில்லை. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் மூன்று முறையும் எடை மாட்டிய பார் அவள் முதுகுப்பக்கம் விழுந்தது. மூன்றும் தவறினால் அதோடு வெளியே. கலைமகள் தேர்வானாள்.

போட்டி கொழும்பில் நடந்தது. ஸ்நாட்ச் முடிந்தபோது இலங்கைப் பெண்ணும் கலைமகளும் சமமாக இருந்தார்கள். அடுத்தது கிளீன் அண்ட் ஜெர்க்; தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு தலைக்கு மேல். கடைசித் தூக்கலில் பார் தோளில் உட்கார்ந்து, கழுத்தை அழுத்தி, மூச்சு அடைத்த நொடியில், இது கீழே விழுந்துவிட்டால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் உடம்பு பழகியதைச் செய்தது. கால் பிரிந்தது, முழங்கை பூட்டிக்கொண்டது. தூக்கல் செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன. இலங்கைப் பெண்ணுக்கு அடுத்த தூக்கல் தவறியது. தங்கம்.

அணி மேனேஜரின் செல்போனில் தமிழ்மதி பேசினாள். "கம்பெனியில மிஷினெல்லாம் நிறுத்தீட்டு மிட்டாய் குடுத்தாங்க. ஏங் கண்ணு அழுவற?"

ஊர் திரும்பி, மாலை மரியாதையெல்லாம் முடிந்த மறுநாள், கலைமகள் தமிழ்மதியின் வீட்டுக்குப் போனாள். அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஷெட்டுத் தராசு தப்புனு எனக்குத் தெரியுமுங்க. பெங்களூர் போறதுக்கு முன்னாலயே."

தமிழ்மதி அலசுவதை நிறுத்தினாள். "முடிய வெட்டறப்பவும் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"போயிரு கலை."

ஈரத்துணியை மறுபடி கையிலெடுத்துப் பிழிந்தாள். ஆனால் இதை யாரிடமும் சொல்லவில்லை.

இனி ஐம்பத்துமூன்று கிலோப் பிரிவுக்குப் போய்விடுகிறேன் என்று கலைமகள் மாஸ்டரிடம் சொன்னாள். அது காதுக்கு வந்ததும் தமிழ்மதி அவள் வாசலுக்கே வந்து நின்றாள்.

"எனக்கு எடம் உட்டுக் குடுக்கறயாக்கும்? ஒண்ணும் வேண்டாம். நாப்பத்தெட்டுலயே வா. உன்னைய நேரா நின்னு செயிக்கோணும் எனக்கு."

அடுத்த ஆண்டுத் தேர்வில் இருவரும் மோதினார்கள். தமிழ்மதி ஒரு கிலோ முன்னால் இருந்தாள். கலைமகளுக்குக் கடைசித் தூக்கல் மிச்சம். இந்த முறை அவள் மனதில் வேறு எந்த எண்ணமும் இல்லை. பல்லைக் கடித்துத் தள்ளினாள். இடது முழங்கை மடங்கியது, பார் முன்னால் விழுந்தது. தமிழ்மதி ஜெயித்தாள்.

மேடைக்குப் பின்னால் அவள் கேட்டாள். "வேணும்னே உட்டுட்டயா?"

"இல்லீங்க்கா. சத்தியமா முடியல."

தமிழ்மதி அவள் முகத்தையே பார்த்தாள். "நெசமாத்தான் இருக்கும். ஆனா எனக்கு நம்ப முடியல கண்ணு. நான் செயிச்சதக்கூட நீ கெடுத்துப்போட்டே."

அதன்பிறகும் இருவரும் அதே ஷெட்டில்தான் பயிற்சி செய்தார்கள். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது, விழாமல் பிடிக்கப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். கலைமகள் பக்கத்திலேயே சும்மா நின்றாலும், தமிழ்மதி மாஸ்டர் வரும்வரை காத்திருப்பாள்.